தண்ணீர் வேண்டாம் என்றவர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. மருமகள் இரண்டு தடவை பழைய பாத்திரக்காரனிடம் போடப் பார்த்தாள். நான் விடவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் அந்தச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வாசலுக்குக் கொண்டுபோனேன். வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதர் தண்ணீர் வேண்டாம் என்றதை இத்தனை வருஷம் மனதில் வைத்திருப்பாளா ஒருத்தி என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன். அவர் யார், ஏன் வேண்டாம் என்றார் என்று சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இப்போதே பாதிதான் வருகிறது.

அவர் என் மேலதிகாரி. எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் நாலு வருஷம் அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். பிறகு அவர் டெல்லிக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டார். தெற்கத்தி எல்லைகளின் பாதுகாப்பு என்று யாராவது வாயைத் திறந்தால் அவரைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்களாம். நிபுணர் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அவர் என்றைக்கும் சார்தான்.

எங்கள் ஆபீஸ் கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஓட்டு வீட்டின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. ரகசியமாம். ஊரில் எல்லோரும் அதைத் 'துப்பு ஆபீசு' என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்டால் சுமைதூக்குகிறவர்கூட வழி சொல்வார். கீழே தையல்கடை, மேலே நாட்டின் பாதுகாப்பு. வேலந்தாவளம், கோவிந்தாபுரம் தொடங்கி அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு மலை வரை கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், எது கைமாறுகிறது என்று பார்த்து எழுதி மேலே அனுப்புவது எங்கள் வேலை. பார்ப்பதும் எழுதுவதும் சார். அடிப்பது நான். நான் கோவிந்தாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எங்கள் ஊருக்குக் கடைசி பஸ். அதை விட்டால் வேறு பஸ்ஸில் போய்க் கொல்லங்கோட்டில் இறங்கி நடக்க வேண்டும். இந்த பஸ்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சார் பழைய கோயில் தெருக்காரர். பல தலைமுறைக்கு முன்பே பாலக்காட்டுக்கு வந்து குடியேறிய குடும்பம். அவர்கள் பேசும் தமிழ் எனக்கு முதல் மாசம் பாதி புரியவில்லை. எங்கள் கொங்குத் தமிழ் அவருக்கு முழுக்கப் புரிந்தது என்று அவரே சொல்லிக்கொள்வார். மடிப்புக் கலையாத வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, மேசையில் சீவி வைத்த நாலு பென்சில். பந்தா கிடையாது. ஆபீஸ் மூலையிலிருந்த மண்பானைத் தண்ணீரை நாங்கள் எல்லோரும் குடித்த அதே டம்ளரில்தான் அவரும் குடிப்பார். அந்தக் காலத்தில் அவர்கள் தெருவிலிருந்து வந்த ஒருவர் அப்படிச் செய்வது சின்ன விஷயமில்லை. ஜீப் டிரைவர் அதை வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது, கொள்கை என்றே சொல்லலாம். யாரையும் எதையும் கேட்கமாட்டார். "கேட்டா பொய் வரும், பார்த்தா வராது, கேட்டேளா" என்பார். ஓர் ஊருக்குப் போனால் டீக்கடை பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நோட்டில் எழுதுவார், படம் வரைவார். வேலந்தாவளத்து மாட்டுச் சந்தையில் அவருக்கு முன்னால் இருந்த அதிகாரி ஒரு கூத்து அடித்துவிட்டுப் போயிருந்தார். தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரல்களால் விலை பேசுவதைப் பார்த்துவிட்டு, ரகசியக் குழுவின் சைகை என்று எழுதியிருந்தார் அந்த மகானுபாவர். நம் சார் வந்துதான் அது மாட்டு வியாபாரம் என்று மேலே விளக்கினார். நாலைந்து தரகர்கள் தப்பித்தார்கள். அன்றிலிருந்து மேலிடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. அவர் தமிழர், தமிழர்களைப் பற்றி அவருக்குத் தெரியாததா என்று. அவரும் அதை நம்பினார். அங்கேதான் கோளாறு.

எனக்கு முதல் நாள் அவர் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று. "படிக்காதீங்கோ, அடிங்கோ." ரகசியக் காகிதம் அல்லவா? டைப்பிஸ்டின் கண் எழுத்தைப் பார்த்தால் போதும், அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது. நானும் சரியென்று தலையாட்டினேன். ஆனால் படிக்காமல் எப்படி அடிப்பது? அடுப்பில் கொதிப்பதை மூக்கை மூடிக்கொண்டு கிண்டச் சொன்ன மாதிரி. நான் எல்லாவற்றையும் படித்தேன். வாயை மட்டும் மூடிக்கொண்டேன்.

நெருக்கடி நிலை வந்த வருஷம். மேலிடத்துக்கு எங்கே பார்த்தாலும் சதி தெரிந்தது. சார் அனுப்பிய 'குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை' என்ற அறிக்கைகள் திரும்பி வந்தன, இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவும் என்ற குறிப்போடு. அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி, பழனி, கம்பம் என்று சுற்றி வண்டிப்பெரியாற்றுக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து, முகம் கறுத்துத் திரும்பி வந்தார். மறுநாள் காலையிலிருந்து ஜன்னலோரம் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பதினான்கு பக்கம். ஒன்றுக்கு நாலு கார்பன்.

ஒன்பதாம் பக்கத்தில் அந்த ஆள் வந்தார். பெயர் இல்லை, 'கூரியர்' என்றுதான் இருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க எஸ்டேட் தொழிலாளி. மாதத்தில் இரண்டு மூன்று முறை, வேலை நாளிலும் வேலையை விட்டுவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்துடன் தனியாக மலைப்பாதையில் இறங்கித் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போகிறார். காகிதத்தில் ஊர்களும் பெயர்களும். போகிற வழியில் யாருடனும் நிற்பதில்லை. உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. தண்ணீர், டீ எதுவும் வாங்குவதில்லை. எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. வாசலில் நின்றபடியே நாலு வார்த்தை சொல்லிவிட்டு, விடைபெறாமல் திரும்பிவிடுகிறார். அவர் போய்வந்த மறுநாள் அதே பாதையில் ஐந்தும் பத்துமாக ஆட்கள் மேலே ஏறி வருகிறார்கள். கையில் துணி மூட்டை. யாரும் சிரித்துப் பேசுவதில்லை.

இதைப் படிக்கும்போதே உங்களில் பாதிப்பேருக்குப் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. 'தண்ணீர் வாங்குவதில்லை' என்று அடித்ததும் விரல் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் எழவு சொல்ல வருகிறவர் அப்படித்தான் வருவார். படிக்கு வெளியே நின்று, இன்னார் போய்விட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்வார். சொல்லி முடிக்க வேண்டிய வீடு ஒன்று பாக்கி இருக்கிறவரை எங்கும் உட்காரமாட்டார், பல்லில் தண்ணீர் படாது. போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார், நாமும் போய்வாருங்கள் என்று சொல்லமாட்டோம். ஊருக்கு ஊர் இதில் வித்தியாசம் உண்டு. எங்கள் ஊரில் அதை ஒரு தெருக்காரர் தலையில் கட்டி வைத்திருந்தார்கள், அது எங்களுக்கு அழகில்லை. எஸ்டேட்டில் பாதை தெரிந்தவர், கால் வலுவுள்ளவர், யாராவது ஒருவர் தாமாக எடுத்துக்கொண்டு செய்வார். தந்தி கொடுத்தால் அது கீழே போய்ச் சேர்வதற்குள் மண் போட்டு முடித்திருப்பார்கள்.

விரல் நின்றதைச் சார் கவனித்தார். "எந்தா, ரிப்பன் சிக்கிடுத்தா?" என்று கேட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி. இன்னும் ஐந்து பக்கம் இருந்தது. இதை இப்போது சொன்னால் அவர் ஒன்பதாம் பக்கத்தைக் கிழிப்பார், முடிவுரையை மாற்றுவார், எல்லாம் முதலிலிருந்து. நாலு கார்பனோடு. ஐந்தே முக்கால் பஸ் போய்விடும். அதோடு, படிக்காதே என்றவரிடம் படித்தேன் என்று எப்படிச் சொல்வது? இவ்வளவு படித்தவருக்குத் தெரியாததா, வேறு ஏதாவது இருக்கும் என்றும் ஒரு சமாதானம். "ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன். அடித்தேன். பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

அறிக்கை மேலே போனதும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. சார் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார், நானும் குடித்தேன். ஒரு மாசத்துக்குள் அந்த மனிதரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். விசாரணை கிடையாது. அப்போதெல்லாம் அப்படித்தான்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் பத்து மணிக்கு ஒரு ஜட்கா வண்டிக்காரர் ஒரு பெண்மணியைக் கொண்டுவந்து எங்கள் மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிட்டார். "துப்பு ஆபீசு இதாக்கும்" என்று பெரிய குரலில் சொன்னார். ரகசியத்தின் லட்சணம் அது. நாற்பத்தைந்து வயதிருக்கும். தேயிலைக் கறை படிந்த விரல்கள். வண்டிப்பெரியாற்றிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். ஜீப்பில் வந்து மலைப்பாதையைப் படம் வரைந்த துரை பாலக்காட்டுக்காரர் என்று டிரைவர் டீக்கடையில் சொன்னது ஒன்றுதான் அவருக்குத் துப்பு. சார் உள்ளறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரகளப் பிடிச்சிட்டுப் போயிட்டாகம்மா" என்றார். "கேதம் சொல்லப் போனாக. வேற என்ன தப்புச் செஞ்சாக? எங்க எஸ்டேட்டு மேலக்கணக்குல ஒரு கெழவி செத்துச்சு. அது மகன் கீழ கம்பத்துப் பக்கம் கூடலூர்ல இருக்கான். அவன் வந்து மூஞ்சி பாக்க வேண்டாமா? அதச் சொல்லப் போன மனுசன, என்னமோ கடுதாசி கடத்துனாகன்னு கொண்டுபோயிட்டாக. அந்தத் துரைகூட டீ வாங்கித் தாரேன்னு கூப்பிட்டாகளாம். இவுக எப்பிடிக் குடிப்பாக? இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கையில?"

உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. சார் கதவருகில் வந்து நின்றார். அந்த அம்மாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர்கள் தெருவில் சாவு என்றால் தந்தி வரும். சடங்கு செய்ய வாத்தியார் வருவார். இப்படி ஒரு மனிதர் நடந்து வருவார் என்பது அவர் கண்ணில் பட்டதே கிடையாது. படித்த படிப்பிலும் அது இல்லை.

"இவா சொல்றது... இது வழக்கமா?"

"ஆமாங்க சார்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமோ?"

"தெரியுமுங்க."

"அடிக்கறச்சயே தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தெரியுமுங்க சார்."

"பின்னெ ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே."

இப்படி ஒரு பதிலை நான் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. துடுக்காகச் சொல்லவில்லை. வேறு வார்த்தை வரவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பானையிலிருந்து அவரே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அந்த அம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாள் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு சார் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் கேள்வி கேட்டார். யார் போவார்கள், ஏன் உட்காரமாட்டார்கள், தண்ணீர் குடித்தால் என்ன ஆகும், ஏன் விடைபெறுவதில்லை. அவரிடம் நானும் அந்த அம்மாளும் மாறி மாறிச் சொன்னோம். அந்தச் சேதியோடு உட்கார்ந்தால் சாவும் அந்த வீட்டில் உட்கார்ந்துவிடும் என்று எங்கள் அம்மா சொல்வதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு அந்த அக்காவுக்குத் திரும்பிப் போகப் பஸ் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "வாங்கம்மணி, கை கழுவிட்டு ஒரு வாய் சாப்புடுங்க. இதும் உங்க ஊடுதான்" என்று அம்மா உபசரித்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒங்க சாரு நல்லவுகளாத்தான் தெரியிதாக. எழுதுனத அழிச்சிட்டா விட்டிருவாகல்லா?" என்று கேட்டார். எழுதினதை அழித்தால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். "அழிச்சிருவாருங்க அக்கா" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாளே சார் திருத்தக் கடிதம் சொன்னார். ஒன்பதாம் பக்கம், மூன்றாம் பத்தி தவறு. அந்த நபர் சாவுச் செய்தி சொல்பவர். தவறு முழுவதும் என்னுடையது. அவரை உடனே விடுவிக்க வேண்டும். நான் அடித்தேன். பதில் வர மூன்று மாசமாயிற்று. 'மேற்படி தகவல் வேறு மூன்று இடங்களிலிருந்தும் உறுதி செய்யப்பட்டுள்ளது' என்று ஒரே வரி. சார் அந்த மூன்று இடம் எது என்று துருவிப் பார்த்தார். மூன்று ஆபீசும் அவருடைய அறிக்கையைப் பார்த்துத்தான் தங்கள் அறிக்கையை எழுதியிருந்தன. "மூணு பேரும் நான்தான், கேட்டேளா" என்று சிரித்தார். ஆபீசில் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். கேட்க நன்றாக இல்லை.

திரும்பவும் எழுதினார். திரும்பவும் அடித்தேன். ஐந்து பக்கம் திருப்பி அடிக்கச் சோம்பிய அதே விரலால் அந்த ஒரு பத்தியைப் பதினோரு தடவை அடித்தேன். பதினோரு கடிதத்திலும் 'தவறு என்னுடையது' என்றுதான் இருந்தது. 'டைப்பிஸ்டுக்குத் தெரிந்திருந்தது' என்று ஒன்றில்கூட அவர் சேர்க்கவில்லை. ஒரு தடவை நானே, "என்னையும் சேத்துக்குங்க சார்" என்றேன். "அது எதுக்கு? வெறுதே" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

இதற்கு நடுவில் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வீட்டுக்காரருடைய ஆத்தா கீழே ஊரில் இறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் கேதம் சொன்னவருக்குக் கேதம் சொல்ல ஆளில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். சார் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து வந்து, என் மேசை முன்னால் நின்றபடி சொன்னார். ஜெயில் அதிகாரி மரியாதைக்கு நாற்காலி போட்டு, சாயா கொடுத்தாராம். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதரைக் கூட்டி வந்து நிறுத்தினார்களாம். "அப்படியே சொல்லிட்டேன். உக்காந்துண்டு. கையிலே கிளாசோட. சொன்னப்பறம்தான் ஞாபகம் வந்தது." அந்த மனிதர் அழவில்லையாம். "மத்த வீடுகளுக்கு யாரு போய்ச் சொன்னாக?" என்று மட்டும் கேட்டாராம். யார் சொன்னார்கள் என்று சாருக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை என்றார். சொல்லிவிட்டுப் பானையண்டை போய் முகம் கழுவிக்கொண்டார்.

நெருக்கடி நிலை முடிந்தபோது எல்லோரோடும் சேர்த்து அந்த மனிதரையும் விட்டார்கள். எங்கள் கடிதத்தால் இல்லை, அது எந்த மேசையில் தூங்கியதோ. ஆனால் எஸ்டேட்டில் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். திரும்பச் சேர்க்கப் போலீஸ் நற்சான்று வேண்டும் என்றார்கள். போலீஸ் கோப்பில் அந்த வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்தை எடுக்க எங்கள் மேலிடம் சொல்ல வேண்டும். மேலிடமோ அதே அறிக்கைக்காகச் சாரை டெல்லிக்குக் கூப்பிட்டுக்கொண்டது. பதவி உயர்வு. அவர் போகாமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் எனக்குக் கோபம் வரும். மேலே போனால் அழித்துவிடலாம் என்றுதான் போனார், பாவம். போன பிறகுதான், மேலே இருப்பவருக்கும் மேலே ஆட்கள் உண்டு என்று தெரிந்தது.

வருஷா வருஷம் லீவில் பாலக்காட்டுக்கு வருவார். டெல்லியில் அவருக்கு ஸ்டெனோக்கள் இருந்தும் அந்தக் கடிதத்தை மட்டும் என்னிடம் வந்துதான் சொல்வார். முடி நரைத்தது, கண்ணாடி கனத்தது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் முதலில் இந்தத் தவறைத்தான் சொல்வாராம். கேட்டவர்கள் சிரித்துக் கைதட்டினார்களாம், எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று. "நான் தப்புன்னு சொல்றதையும் என்னோட திறமையிலே சேத்துடறா" என்று ஒரு வருஷம் சொன்னார். அடுத்த வருஷம் கடிதம் சொல்லவில்லை. சும்மா வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அலுத்துவிட்டது. எனக்கும்தான். ஒரு கல்சுவரை நகத்தால் எத்தனை நாள் பிறாண்ட முடியும்?

அந்த மனிதர் தேயிலை மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைத்தார். மலையிறங்கிச் சேதி சொல்வதை மட்டும் விடவில்லை என்று அக்காவின் கார்டுகள் சொல்லும். சாரும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, அவ்வப்போது வண்டிப்பெரியாறு போய் அவர்கள் வீட்டில் இருந்துவிட்டு வருவார் என்று கேள்விப்பட்டேன். அங்கே போய் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் அந்த மத்தியானம். நானும் வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலம். சித்திரை வெயில். வாசலில் நிழல் விழுந்தது. எட்டிப் பார்த்தால் சார். அழுக்கு வேட்டி, கால் முழுக்கப் புழுதி, உதடு வெடித்திருந்தது. "வாங்க சார், உள்ள வாங்க" என்று பதறி, நாற்காலியை இழுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு ஓடினேன். அவர் படியேறவில்லை. "வேண்டாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸ் பானையில் குடித்தவர், வீட்டில் வேண்டாம் என்கிறாரே, வயசாக ஆகப் பழைய தெருப் புத்தி திரும்பிவிட்டதா என்று ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தேன். ஒரு துண்டுக் காகிதம் இருந்தது.

"வண்டிப்பெரியாத்திலேர்ந்து வரேன். அக்காவோட வீட்டுக்காரர் போயிட்டார். நாளைக் காலம்பற பத்து மணிக்கு எடுக்கறா."

சொம்பு கையிலிருந்து நழுவிக் கல்படியில் விழுந்தது. தண்ணீர் அவர் காலடி வரை ஓடியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. காகிதத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதற்கு அடுத்து பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு பெயர் இருந்ததை நானும் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டில் போன் இருந்தது. அந்த எண் அவரிடம் இருந்தது. நடுக்கமெடுக்கும் காலோடு, விடியும் முன்னே கிளம்பி, மூன்று பஸ் மாறி, நாக்கு வறள வந்து நின்று சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பினார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் போல நான் எப்போதும் அழுததில்லை. யாருக்காக அழுதேன் என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

சார் போன ஐப்பசியில் இறந்துபோனார். எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை, பேப்பரில் பார்த்தேன். படம் போட்டுப் பெரிதாக எழுதியிருந்தார்கள். எல்லைப் பாதுகாப்புக்கு அவர் செய்த சேவையை வரிசைப்படுத்தி, முதலாவதாக, எழுபதுகளில் மலைப்பாதையில் இயங்கிய ரகசியக் கூரியரைக் கண்டுபிடித்தவர் என்று போட்டிருந்தார்கள். அந்த வாக்கியம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த மனிதர் போய்விட்டார், எழுதியவரும் போய்விட்டார், அது மட்டும் சாகமாட்டேன் என்கிறது.

விரலெல்லாம் இப்போது மடங்குவதில்லை. இருந்தாலும் பன்னிரண்டாவது கடிதத்தை நானே எழுதிப் பத்திரிகைக்குப் போட்டேன். இன்னும் அவர்கள் அதைப் போடவில்லை. சரி, இங்கே எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் பக்கம், மூன்றாம் பத்தி தவறு. அவர் எழவு சொல்லப் போனார். சாருக்கு அது தெரியாது. டைப்பிஸ்டுக்குத் தெரியும். அவளுக்கு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.